பத்துப் பேப்பர் இருந்தால் ரெசிடென்சி கிடைத்துவிடுமா?

அமெரிக்காவில் ரெசிடென்சி என்ற, மருத்துவப் பட்டத்துக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சிக்குத் தயாராகும் மருத்துவ மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில், ஆராய்ச்சி பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றை மட்டும் அச்சிட்டிருக்கிறோம்.

கேள்வி: இன்டர்னல் மெடிசினில் (பொது மருத்துவம்) ரெசிடென்சி செய்ய ஆசை. பத்துப் பேப்பராவது இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– மூன்றாம் ஆண்டு மாணவி, திருநெல்வேலி

பதில்: இந்தக் கணக்கு எங்கிருந்து புறப்பட்டது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். விண்ணப்பித்தவர்களை ரெசிடென்சி இடங்களோடு பொருத்தும் ‘மேட்ச்’சை நடத்தும் என்.ஆர்.எம்.பி. அமைப்பு, இடம் கிடைத்தவர்களின் விவரங்களைத் துறைவாரியாகத் தொகுத்து வெளியிடுகிறது. அதில் அப்ஸ்ட்ராக்ட், பிரசன்டேஷன், பப்ளிகேஷன் மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறார்கள். 2022-ஆம் ஆண்டுத் தொகுப்பில் நியூரோசர்ஜரியில் இடம்பிடித்த அமெரிக்க எம்.டி. (அங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) மாணவர்களின் சராசரி 25-ஐத் தாண்டியது. தோல் மருத்துவத்தில் 20-ஐத் தாண்டியது. இதுதான் வாய்க்கு வாய் மாறி ‘இருபது பேப்பர், பத்துப் பேப்பர்’ என்று ஆகிவிட்டது. ஒரே ஆய்வைக் கல்லூரியில் போஸ்டராக வைத்து, மாநில மாநாட்டில் மேடையேறி வாசித்து, அதன் சுருக்கம் மாநாட்டு மலரில் அச்சாகி, கடைசியில் இதழிலும் வந்துவிட்டால் கணக்கில் நான்கு. செய்த ஆய்வு ஒன்றுதான். அதே தொகுப்பில் ஃபேமிலி மெடிசினின் சராசரி ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. துறையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

எண்கள் ஏறியதற்குக் காரணம் உண்டு. 2022 ஜனவரி 26 முதல், அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் கட்டமான ஸ்டெப் 1-இல் மதிப்பெண் தருவதை நிறுத்தி, பாஸ் அல்லது ஃபெயில் என்று மட்டும் சொல்லத் தொடங்கினார்கள். விண்ணப்பத்தில் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டிய எண் ஒன்று மறைந்ததும், அந்த இடத்தை அடுத்த கட்டத் தேர்வான ஸ்டெப் 2 சிகே மதிப்பெண்ணும் ஆராய்ச்சிப் பட்டியலும் பிடித்துக்கொண்டன. பட்டியலை நீட்டிக்கொண்டே போகும் போட்டி அதற்கு முன்பே இருந்ததுதான். இப்போது இன்னும் சூடு பிடித்திருக்கிறது.

இனி உங்கள் விஷயம். வெளிநாட்டுப் பட்டதாரிகள் அதிகம் சேரும் துறை இன்டர்னல் மெடிசின். இந்தியாவிலிருந்து வரும் விண்ணப்பத்தை முதலில் சலிப்பது ஸ்டெப் 2 சிகே மதிப்பெண், முதல் முயற்சியிலேயே தேறினீர்களா என்பது, படிப்பு முடித்த ஆண்டு, விசா தேவையா என்பது. இவற்றைக் கடந்த பிறகுதான் அமெரிக்க மருத்துவமனை அனுபவமும் பரிந்துரைக் கடிதங்களும் படிக்கப்படும். ஆராய்ச்சி அதற்கும் அடுத்தது. பல்கலைக்கழகம் சாராத சமூக மருத்துவமனைகள் நடத்தும் ரெசிடென்சி ப்ரோகிராம்களுக்கு, ஒழுங்காக முடித்த ஒன்றிரண்டு வேலைகள் போதும். பல்கலைக்கழக ப்ரோகிராமைக் குறிவைத்தாலோ, பின்னாளில் கார்டியாலஜி, கேஸ்ட்ரோ என்று ஃபெல்லோஷிப் (ரெசிடென்சிக்கு அடுத்த உயர் சிறப்புப் பயிற்சி) போக நினைத்தாலோ, அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். பத்துப் பேப்பருக்கு ஓடி ஸ்டெப் 2-வில் மதிப்பெண்ணை இழப்பது, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பதுதான்.

கேள்வி: என் மகன் ஆராய்ச்சி என்று நேரம் செலவழிக்கிறான். இது நீட் பி.ஜி.க்கு உதவுமா?
– தந்தை, ஈரோடு

பதில்: உதவாது. நீட் பி.ஜி. கலந்தாய்வில் பேச்சு ரேங்க் ஒன்றுக்குத்தான். எத்தனை பேப்பர் இருந்தாலும் அதற்கு மதிப்பெண் கிடையாது. எம்.டி., எம்.எஸ். சேர்ந்த பிறகு தீசிஸ் கட்டாயம் என்பதால், அப்போது இந்தப் பழக்கம் கைகொடுக்கும். மகன் இரண்டு பாதையிலும் கால் வைத்திருக்கிறானா, அமெரிக்கா என்று முடிவுசெய்துவிட்டானா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கான பதிலைப் பொறுத்துத்தான் இந்த நேரம் வீணா இல்லையா என்பது.

கேள்வி: சி.ஆர்.ஆர்.ஐ. (கட்டாயப் பயிற்சி ஆண்டு) நடந்துகொண்டிருக்கிறது. டியூட்டி போக மூச்சுவிட நேரமில்லை. ஒரு நோயாளியைப் பற்றிய கேஸ் ரிப்போர்ட் ஒன்றாவது எழுதிவிட நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?
– பயிற்சி மருத்துவர், தஞ்சாவூர்

பதில்: நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும் முன் கையெழுத்து வாங்குவதில் தொடங்குங்கள். பலர் கேஸைப் பார்த்து, படித்து, பாதி எழுதி முடித்த பிறகுதான் ஒப்புதல் படிவத்தை நினைக்கிறார்கள். அதற்குள் நோயாளி ஊருக்குப் போயிருப்பார், கேஸ் ஷீட்டில் எழுதிய செல்பேசி எண் வேலை செய்யாது. ஒப்புதல் இல்லாத கேஸ் ரிப்போர்ட்டை நல்ல இதழ் எதுவும் தொடாது. நோயாளிக்குப் புரியும் தமிழில் படிவம் இருக்க வேண்டும்: நோய் விவரமும் படங்களும் மருத்துவ இதழில் வரும், இணையத்தில் யாரும் பார்க்கலாம், பெயர் வராது, மறுத்தாலும் சிகிச்சை மாறாது. சிகிச்சைக்குச் சேரும்போது வாங்கும் பொதுவான சம்மதம் இதற்குச் செல்லாது. உங்கள் கல்லூரி எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) கேஸ் ரிப்போர்ட்டுக்கும் அனுமதியோ விலக்குக் கடிதமோ கேட்கிறதா என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள்.

அடுத்தது, எந்தக் கேஸ்? அரிய நோய் என்பதால் மட்டும் ஒரு கேஸ் எழுதத் தக்கதாகிவிடாது. பழகிய நோய் பழகாத முகத்தோடு வந்தது, மருந்தொன்று எதிர்பாராத விளைவைத் தந்தது, ஒரு பரிசோதனை எல்லாரையும் தவறான பக்கம் இழுத்துச் சென்றது: இவை எழுதத் தக்கவை. ‘இதைப் படித்த டாக்டர், நாளை ஓ.பி.யில் எதை வேறு மாதிரி செய்வார்?’ என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் வரவில்லை என்றால் அந்தக் கேஸை விட்டுவிடுங்கள்.

எழுதும்போது கேஸ் ரிப்போர்ட் எழுதுவதற்கென 2013-இல் வெளியான ‘கேர்’ வழிகாட்டியின் 13 தலைப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பலர் தவறவிடுவது காலவரிசை: எந்த நாளில் என்ன அறிகுறி, என்ன பரிசோதனை, என்ன மருந்து, எவ்வளவு அளவு. தேதிகளைப் போடாமல் ‘முதல் நாள், நான்காம் நாள்’ என்று எழுதுங்கள். ஊர்ப் பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண் கூடாது. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களின் மூலையில் நோயாளி பெயர் பதிந்திருக்கும், வெட்டிவிடுங்கள். முகப் படத்தில் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை ஒட்டினால் அடையாளம் மறைந்துவிடும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐ.சி.எம்.ஜே.இ. அது போதாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

மொத்தம் 1,200 முதல் 1,500 சொற்கள், மேற்கோள்கள் பத்துப் பதினைந்து, படங்கள் இரண்டு மூன்று என்று வைத்துக்கொண்டு, அனுப்பப்போகும் இதழின் வரம்பைப் பார்த்துக் குறையுங்கள். பெரிய இதழ்கள் பல கேஸ் ரிப்போர்ட்டே ஏற்பதில்லை. ‘ஆசிரியர்களுக்கான குறிப்பு’ப் பக்கத்தைப் படிக்காமல் அனுப்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பவே கூடாது; ஒன்று மறுத்த பிறகுதான் அடுத்தது.

கேள்வி: சொந்தமாக ஒரு ஆய்வு செய்ய வேண்டும் என்று ஆசை. கைடு சம்மதித்துவிட்டார். மாதிரி அளவு, புள்ளியியல் என்றாலே கை நடுங்குகிறது. படிப்படியாகச் சொல்ல முடியுமா?
– இரண்டாம் ஆண்டு மாணவர், வேலூர்

பதில்: கேள்வியை ஒரு வாக்கியத்துக்குள் அடக்குங்கள். ‘ஸ்கரப் டைபஸ் (ஒருவகைக் காய்ச்சல்) பற்றிய ஆய்வு’ என்பது தலைப்புதான், கேள்வியாகவில்லை. ‘எங்கள் மருத்துவமனையில் ஸ்கரப் டைபஸோடு சேர்ந்த பெரியவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பழுதடைகிறது?’ என்பது கேள்வி. இதில் யார், எங்கே, எதை அளக்கிறோம் எல்லாம் இருக்கிறது. ‘சிறுநீரகம் பழுது’ என்றால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் எவ்வளவு உயர வேண்டும் என்ற வரையறையை இப்போதே எழுதிவிட வேண்டும். தரவைப் பார்த்த பிறகு வரையறையை மாற்றுவது, அம்பு விட்ட இடத்தில் வட்டம் வரைவது மாதிரி.

மாதிரி அளவு, அதாவது எத்தனை நோயாளிகள் வேண்டும் என்ற கணக்கு. இதுபோன்ற சதவீதக் கேள்விக்குச் சூத்திரம் எளிது: 1.96-இன் (95 சதவீத நம்பகத்துக்கான எண்) வர்க்கத்தை எதிர்பார்க்கும் விகிதத்தாலும், ஒன்றிலிருந்து அந்த விகிதத்தைக் கழித்து வருவதாலும் பெருக்கி, ஏற்றுக்கொள்ளும் பிழையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். முந்தைய ஆய்வுகளிலிருந்து 20 சதவீதம் எதிர்பார்க்கிறீர்கள், பிழை கூடுதல் குறைவாக 5 சதவீதம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால்: 3.84 × 0.2 × 0.8 ÷ 0.0025. விடை 246. பத்தில் ஒரு கேஸ் ஷீட் பயன்படாமல் போகும் என்று கருதினால் 246-ஐ 0.9-ஆல் வகுத்து 274. ஓபன்எபி என்ற இலவசக் கணிப்பான் இதையே செய்து தரும். இருந்தாலும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். நேர்காணலில் ‘ஏன் 246?’ என்றால் திணறமாட்டீர்கள்.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வரும் முன் ஒரு கேஸ் ஷீட்டைக்கூடத் தரவுக்காகத் திறக்கக் கூடாது. செய்து முடித்த ஆய்வுக்கு முன்தேதியிட்டு அனுமதி வாங்க முடியாது, இதழ்களோ அனுமதி எண்ணைக் கேட்காமல் விடுவதில்லை. பழைய பதிவேடுகளை மட்டும் பயன்படுத்தும் ஆய்வுக்கு, ஒவ்வொரு நோயாளியிடமும் சம்மதம் வாங்குவதிலிருந்து விலக்கு அளிக்க ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகள் கமிட்டிக்கு இடம் தருகின்றன. விண்ணப்பத்திலேயே அதைக் கேட்டு எழுதுங்கள். கமிட்டி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது என்பதைச் செயலரிடம் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் இடத்தில் ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் விடுமுறை முழுவதும் கைகட்டி உட்கார வேண்டியதுதான். ஐ.சி.எம்.ஆர். 1979-இல் தொடங்கிய எஸ்.டி.எஸ். என்ற குறுகிய கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் உங்களைப் போன்ற மாணவர்களுக்கானது: கைடு ஒருவருடன் இரண்டு மாத ஆய்வு, முடிவில் அறிக்கை, உதவித்தொகை. அறிவிப்பு வரும்போது முன்மொழிவு தயாராக இருப்பவருக்குத்தான் அது பயன்படும். அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கேள்வி தேடுபவருக்கு நாள் போதாது.

அனுமதி வந்ததும் நேராக 274 ஷீட்டுக்குப் போகாதீர்கள். எம்.ஆர்.டி.யிலிருந்து (மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவு) முதலில் 20 எடுத்துப் பாருங்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலான மாணவர் ஆய்வுகள் தரைதட்டுகின்றன: பாதி ஷீட்டில் கிரியேட்டினின் பதிவாகவே இல்லை, இருப்பதிலும் எத்தனையாவது நாளில் எடுத்தது என்று இல்லை. பதிவாகாதது தற்செயலாகப் போனதாகவும் இருக்காது. நோய் முற்றியவருக்குத்தான் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்திருப்பார்கள்; லேசானவருக்கு எடுத்திருக்கமாட்டார்கள். இருப்பதை மட்டும் கணக்கிட்டால் சிறுநீரகப் பழுதின் சதவீதம் உண்மையைவிடக் கூடிக் காட்டும். 20 ஷீட்டிலேயே இது தெரிந்துவிட்டால் கேள்வியை மாற்றலாம், அல்லது இனி சேரும் நோயாளிகளிடம் முன்னோக்கி எடுக்கலாம். அதற்குக் கமிட்டியிடம் திருத்தம் வாங்க வேண்டும்.

தரவுத் தாளில் ஒரு நோயாளிக்கு ஒரு வரிசை, ஒரு அளவுக்கு ஒரு நெடுவரிசை. ‘ஆம்’, ‘உண்டு’, கூட்டல் குறி என்று ஒரே பொருளை மூன்று விதமாக எழுதாமல் 1, 0 என்று போடுங்கள். இல்லாத தகவலுக்கு வெற்றிடம். பூஜ்யம் போட்டால் மென்பொருள் அதை உண்மையான மதிப்பாக எடுத்துச் சராசரியைக் கெடுத்துவிடும். எக்செல் தேதிகளைத் திருப்பிப் போடும்: ஏப்ரல் 3 என்று நினைத்து 03/04 அடித்தால், சில கணினிகளில் அது மார்ச் 4 ஆகிவிடும். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனி நெடுவரிசையில் அடித்தால் தொல்லை இல்லை. பெயரும் ஐ.பி. எண்ணும் வேறொரு கோப்பில், கடவுச்சொல்லோடு, கைடிடம்.

புள்ளியியலில் இரண்டே எச்சரிக்கை. இருபது காரணிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தால், எதற்கும் தொடர்பில்லாவிட்டாலும் ஒன்றின் பி-மதிப்பாவது (தொடர்பே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்து நிற்க வாய்ப்பு அதிகம். அதைக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடாதீர்கள். இரண்டாவது, ரிக்ரெஷன் (பல காரணிகளைச் சேர்த்துக் கணக்கிடும் முறை) போடும்போது பத்து நிகழ்வுக்கு ஒரு காரணி என்பது பழைய கைக்கணக்கு. 246 பேரில் 49 பேருக்குப் பழுது என்றால் நான்கு, மிஞ்சினால் ஐந்து காரணிகள். பன்னிரண்டைத் திணித்தால் விடை வரும், அந்த விடையில் ஒன்றும் இருக்காது. ஜமோவி, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். புள்ளியியலாளரைத் தரவு சேர்ந்த பிறகு பார்ப்பதைவிட முன்மொழிவு எழுதும்போதே ஒருமுறை பார்ப்பது நல்லது.

கேள்வி: வாட்ஸ்அப் குழு ஒன்றில் சிஸ்டமேட்டிக் ரிவ்யூவில் (முன்பு வந்த ஆய்வுகளை முறையாகத் தொகுத்து எழுதும் கட்டுரை) பெயர் சேர்க்கிறோம் என்று பணம் கேட்கிறார்கள். எல்லாரும் செய்வதுதானே?
– இறுதியாண்டு மாணவி, சென்னை

பதில்: பணம் கொடுத்துப் பெயர் வாங்குவது மோசடி. எத்தனை பேர் செய்தாலும் அதற்கு வேறு பெயர் கிடையாது. ஐ.சி.எம்.ஜே.இ. விதிப்படி ஆசிரியர் ஆக நான்கும் வேண்டும்: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது உள்ளடக்கத்தைத் திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்றல். நாலாவதை யோசியுங்கள். முகம் தெரியாத இருபது பேரில் ஒருவர் தரவைப் புனைந்திருந்து அந்தப் பேப்பர் திரும்பப் பெறப்பட்டால், ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரையோடு உங்கள் பெயர் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் நிரந்தரமாக நிற்கும்.

முறையான குழு எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறோம். ஆய்வுத் திட்டம், தரவு பிரித்தெடுக்கத் தொடங்கும் முன்பே பிராஸ்பரோ என்ற இணையப் பதிவேட்டில் பதிவாகியிருக்கும். எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு கட்டுரையையும் இருவர் தனித்தனியே பார்த்துத் தேர்வார்கள், கருத்து வேறுபட்டால் மூன்றாமவர் தீர்ப்பார். ரய்யான் போன்ற கருவியில் யார் எதைத் தேர்ந்தார் என்பது பதிவாகும். எழுதும்போது இத்தகைய கட்டுரைகளுக்கென உள்ள, 27 அம்சங்கள் கொண்ட ப்ரிஸ்மா 2020 பட்டியலைப் பின்பற்றுவார்கள். உங்கள் வேலை என்ன என்று கேட்டதும் தெளிவான பதில் வரும். ‘அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்’ என்றால் குழுவிலிருந்து வெளியேறிவிடுங்கள்.

கேள்வி: என் கட்டுரையை மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டதாக ஒரு இதழிலிருந்து மெயில் வந்திருக்கிறது. ‘பப்மெட் இண்டெக்ஸ்டு’ என்று அவர்கள் தளத்தில் இருக்கிறது. பணம் கட்டலாமா?
– பயிற்சி மருத்துவர், சேலம்

பதில்: கட்டாதீர்கள், முதலில் சரிபாருங்கள். இதழே தன்னைப் பற்றிச் சொல்வதை நம்ப வேண்டாம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் இதழின் முழுப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ‘தற்போது மெட்லைனில் (அந்த நூலகம் தேர்ந்தெடுத்த இதழ்களின் தொகுப்பு) சேர்க்கப்படுகிறது’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பப்மெட்டில் அந்த இதழின் கட்டுரை ஒன்றிரண்டு தென்பட்டாலும் ஏமாறாதீர்கள். அமெரிக்க அரசு நிதி பெற்ற ஆய்வாளர்கள் தங்கள் கையெழுத்துப் பிரதியை பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் கட்டுரைக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்பதால், இதழ் அங்கே அங்கீகரிக்கப்படாவிட்டாலும் ஒரு சில கட்டுரைகள் வந்துவிடும். அந்த இதழ் கடந்த ஓராண்டில் வெளியிட்ட எல்லா வெளியீடுகளும் வரிசையாக இருக்கின்றனவா என்பதுதான் சோதனை. திறந்த அணுகல் இதழ் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியது) என்றால், அத்தகைய இதழ்களின் டி.ஓ.ஏ.ஜே. பட்டியலிலும் தேடுங்கள்.

ஐ.எஸ்.எஸ்.என். என்ற இதழ் அடையாள எண் இருப்பது தரத்துக்குச் சான்று ஆகாது; அது வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. ‘குளோபல் இம்பாக்ட் ஃபேக்டர்’ போன்ற பெயர்களும் அப்படித்தான், உண்மையான இம்பாக்ட் ஃபேக்டரை (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) கிளாரிவேட் நிறுவனம் மட்டுமே வெளியிடுகிறது. மூன்று நாளில் இரு நிபுணர்கள் படித்துக் கருத்து எழுதிவிட்டார்கள் என்றால், அந்தக் கருத்துகளை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பமாட்டார்கள். பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இன்றே மெயில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். ‘திரும்பப் பெறக் கட்டணம்’ கேட்டு மிரட்டுவது இவர்களின் அடுத்த வித்தை. அவர்கள் வெளியிட்டுவிட்டால் அதே கட்டுரையை நல்ல இதழுக்கு அனுப்பும் வழி அடைபட்டுவிடும். அவசரம் அதனால்தான்.

கேள்வி: ரெசிடென்சிக்கான ஈராஸ் இணைய விண்ணப்பத்தில் இன்னும் அச்சாகாத கட்டுரைகளைப் போடலாமா? என் பெயரில் இனிஷியல் குழப்பமும் இருக்கிறது.
– மருத்துவர், திருச்சி

பதில்: போடலாம், சரியான நிலையைச் சொல்லி. அச்சாகாத கட்டுரைக்கு ‘அனுப்பப்பட்டது’, ‘நிபந்தனையோடு ஏற்கப்பட்டது’, ‘ஏற்கப்பட்டது’, ‘அச்சில்’ என்ற நிலைகள்தான் உண்டு. ‘எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு அங்கே இடமில்லை. அதை ‘அனுப்பப்பட்டது’ என்று போட்டால் பொய். இதழ் அனுப்பிய ஒப்புகை மெயிலை எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தைச் சான்றளித்துச் சமர்ப்பித்த பிறகு இந்தப் பகுதியில் கைவைக்க முடியாது. செப்டம்பரில் சமர்ப்பித்து அக்டோபரில் ஏற்பு வந்தால், ப்ரோகிராமுக்குத் தனி மெயிலில் இரண்டு வரி எழுதலாம், அவ்வளவுதான். ஆசிரியர் வரிசையை அச்சில் உள்ளபடியே போடுங்கள். மூன்றாம் ஆசிரியர் முதலாமவராக மாறிய விண்ணப்பங்களை பப்மெட்டில் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஈராஸை நடத்தும் ஏ.ஏ.எம்.சி. (அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம்) இதை விசாரித்து, விண்ணப்பித்த ப்ரோகிராம்களுக்கெல்லாம் தெரிவிக்கும்.

பப்ளிகேஷன்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அனுபவங்கள் பகுதியில் பத்துதான் போடலாம், அதில் மூன்றை முக்கியமானவை என்று குறிக்கலாம். ஆராய்ச்சி வேலையை அந்தப் பத்தில் சேர்க்கும்போது, கண்டுபிடிப்பைத் திரும்ப எழுதாமல் உங்கள் கை எதைச் செய்தது என்று எழுதுங்கள்: 246 கேஸ் ஷீட் படித்தது, தரவுத் தாள் வடிவமைத்தது, முதல் வரைவு எழுதியது.

இனிஷியல், நம்மவர்களுக்கே உரிய தொல்லை. கல்லூரிச் சான்றிதழில் ‘எஸ். கார்த்திகா’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும், முதல் பேப்பரில் ஒரு விதம், இரண்டாவதில் இன்னொரு விதம். பப்மெட் இவர்களை வெவ்வேறு ஆட்களாகவே காட்டும். முதல் கட்டுரை அனுப்பும் முன்பே பாஸ்போர்ட்டில் உள்ள வடிவத்தை முடிவுசெய்து, எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள். ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான 16 இலக்க ஆர்கிட் எண் இலவசம். ஐந்து நிமிட வேலை. பழைய கட்டுரைகளையும் அதில் இணைத்துவிடலாம்.

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்து இரண்டு ஆண்டு ஆகிறது. அமெரிக்காவில் சம்பளமில்லாத ஆராய்ச்சி வேலை ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது. போகலாமா?
– மருத்துவர், கோவை

பதில்: முதல் கேள்வி நாட்காட்டி. படிப்பு முடித்து ஐந்து ஆண்டு தாண்டியவரைப் பல ப்ரோகிராம்கள் வடிகட்டிவிடும். சிலவற்றில் மூன்றே ஆண்டு. ஆராய்ச்சியில் கழியும் காலம் இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. ஸ்டெப் 2 சிகே முடிக்காமல் போனால், அங்கே ஆய்வும் இல்லாமல் படிப்பும் இல்லாமல் இரண்டுங்கெட்டானாக நிற்பீர்கள். தேர்வை முடித்துவிட்டுப் போங்கள்.

இரண்டாவது விசா. சுற்றுலா விசாவில் போய் ஆய்வகத்தில் வேலை செய்வது, சம்பளம் இல்லாவிட்டாலும் சிக்கல். முறையான வழி, நிறுவனம் டி.எஸ். 2019 படிவம் தந்து, ஜே-1 ஆராய்ச்சியாளர் விசாவில் அழைப்பது. சம்பளம் இல்லை என்றால் வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை நீங்கள் காட்ட வேண்டும், மருத்துவக் காப்பீடும் கட்டாயம். இந்த விசாவில் நோயாளியைச் சிகிச்சை செய்ய முடியாது. ஆய்வோடு ஒட்டிய தற்செயலான தொடர்பு மட்டுமே, அதற்கும் நிறுவனத்தின் கடிதம் வேண்டும். ஆகவே இது மருத்துவமனை அனுபவக் கணக்கில் வராது, அதைத் தனியே தேட வேண்டும். இந்தப் பிரிவில் பயணம் முடிந்தால் 24 மாதம் மீண்டும் ஆராய்ச்சியாளராக வர முடியாது என்ற விதி, ரெசிடென்சிக்கான ஜே-1 மருத்துவர் பிரிவைத் தடுப்பதில்லை. தாய்நாட்டில் இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்ற விதி வேறு. உங்களுக்கு அது பொருந்துமா என்று விசாவிலும் படிவத்திலும் உள்ள குறிப்பைப் பாருங்கள்.

மூன்றாவது, அந்த ஆய்வகம். ஒப்புக்கொள்ளும் முன் இவற்றைக் கேளுங்கள்: எத்திக்ஸ் அனுமதி வாங்கி, தரவுகளும் கையில் இருக்கும் ப்ராஜெக்ட் எத்தனை? முன்பு வந்த வெளிநாட்டு டாக்டர்கள் இப்போது எங்கே? வழிகாட்டுபவர் அந்தத் துறையில் மருத்துவம் பார்ப்பவரா? கடைசிக் கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை. எலிகளோடு ஓராண்டு கழித்து, நோயாளி பக்கமே வராத விஞ்ஞானியிடம் வாங்கும் கடிதம் இன்டர்னல் மெடிசின் குழுவுக்கு அதிகம் சொல்லாது. ஒரு ப்ரோகிராமுக்கு நான்கு கடிதங்கள்தான் அனுப்ப முடியும். ‘இவரோடு ஓராண்டு வேலை செய்தேன், எங்கள் ப்ரோகிராமிலேயே எடுத்துக்கொள்வேன்’ என்று அதே துறை மருத்துவர் எழுதும் கடிதம், அந்த ஆண்டில் கிடைக்கும் ஐந்து பேப்பரைவிடக் கனமானது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: மகள் இங்கேயே மெடிக்கல் ஸ்கூலில் மூன்றாம் ஆண்டு. தோல் மருத்துவத்துக்காக ஓராண்டு ஆராய்ச்சி விடுப்பு எடுக்க நினைக்கிறாள். ஓராண்டு வீணாகாதா?
– தாய், நியூ ஜெர்சி

பதில்: தோல் மருத்துவம், நியூரோசர்ஜரி, பிளாஸ்டிக் சர்ஜரி போன்ற இடங்களில் இது இப்போது வழக்கமாகிவிட்டது. அவள் கல்லூரியில் தோல் மருத்துவ ரெசிடென்சியே இல்லை என்றால், வேறு பெரிய துறையில் ஓராண்டு இருப்பது அவளுக்கு ஆசிரியர்களையும் கடிதங்களையும் தரும்; அங்கே பலன் அதிகம். சொந்தக் கல்லூரியிலேயே பெரிய துறை இருந்து, இரண்டு மூன்று ப்ராஜெக்ட் ஓடிக்கொண்டிருந்தால் விடுப்பு இல்லாமலே போகலாம். தோல் மருத்துவ விண்ணப்பத்தில் எந்த ப்ரோகிராம்கள் மீது தனி விருப்பம் என்று காட்ட, 3 தங்கமும் 25 வெள்ளியுமாக விருப்பக் குறிகள் தருகிறார்கள். விடுப்புக்காகப் போகும் துறை, அந்த மூன்று தங்கத்தில் ஒன்றை அவள் வைக்க விரும்பும் இடமாக இருக்கட்டும். செலவுக் கணக்கில் ஓராண்டு வாடகையோடு, பின்னால் ஓராண்டு தள்ளிப்போகும் மருத்துவர் சம்பளத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: நேர்காணலில் ஆராய்ச்சி பற்றி எப்படிக் கேட்பார்கள்?
– மருத்துவர், நாகர்கோவில்

பதில்: ‘உங்கள் ப்ராஜெக்ட்டைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று விட்டுவிடுவார்கள். இரண்டு நிமிடம். கேள்வி என்ன, ஏன் அதை எடுத்தீர்கள், எத்தனை நோயாளிகள், நீங்கள் செய்தது எது, கிடைத்தது என்ன, குறை என்ன. குறையை நீங்களே முதலில் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்: ‘பழைய பதிவேடு என்பதால் லேசான நோயாளிகளின் கிரியேட்டினின் கிடைக்கவில்லை, எங்கள் சதவீதம் கூடிக் காட்டியிருக்கலாம்.’

பட்டியலில் உள்ள எதைப் பற்றியும் கேட்கலாம் என்பதால், முதலாம் ஆண்டில் வைத்த போஸ்டர் உட்பட ஒவ்வொன்றையும் நேர்காணலுக்கு முந்தைய நாள் எடுத்துப் படியுங்கள். பேப்பரில் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்று இருந்தால், ஆட்ஸ் (நேர்ந்தவர்களுக்கும் நேராதவர்களுக்கும் உள்ள விகிதம்) ஒப்பீடான ஆட்ஸ் விகிதம் 2 என்பதன் பொருளை ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும். ‘நிகழ்தகவு இரு மடங்கு’ என்று சொன்னால், நிகழ்வு அரிதாக இருக்கும்போதுதான் அது ஏறக்குறைய சரி. 20 சதவீதம் பேருக்கு நேரும் ஒன்றில் அந்தப் பதில் தவறு. இதைப் பிடித்துக் கேட்கும் பேராசிரியர் ஒவ்வொரு ப்ரோகிராமிலும் ஒருவராவது இருப்பார்.